ஸ்கேனில் ஒன்றும் இல்லை, காலோ நகரவில்லை!

நாகூர் தர்காவுக்குப் போனவர்கள் அங்கே புறாக்களைப் பார்த்திருப்பார்கள். மனாராக்களின் மாடங்களில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். யாரும் விரட்டுவதில்லை. அந்தப் புறாக்களுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

16ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்டவர் அச்சுதப்ப நாயக்கர். அவருக்கு ஒரு நோய் வந்தது. அரண்மனை வைத்தியர்கள் நாடி பிடித்துப் பார்த்தார்கள். மருந்து அரைத்துக் கொடுத்தார்கள். நோய் இன்னதென்றே அவர்களுக்குப் புலப்படவில்லை. மன்னரோ படுத்த படுக்கையாகி விட்டார்.

கடைசியில் சாகுல் ஹமீது ஆண்டகையை அழைத்து வந்தார்கள். அரண்மனையில் ஒரு புறா அகப்பட்டது. அதன் உடம்பில் ஊசிகள் குத்தப்பட்டிருந்தன. யாரோ செய்த சூனியம்! ஆண்டகை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். புறாவைப் பறக்க விட்டார். மன்னர் எழுந்து உட்கார்ந்தார். நன்றிக் கடனாக நிலம் கொடுத்தார். நாகூரில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு இது.

சூனியம் உண்டா, இல்லையா என்ற வழக்குக்கு நாம் இங்கே போக வேண்டாம். அந்தக் கதையின் நடுவில் இருக்கும் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக் கொள்வோம். நோயாளி உண்மையாகவே அவதிப்படுகிறார். வைத்தியருக்கோ ஒன்றும் அகப்படவில்லை. 400 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு ராஜாவுக்கு வந்த இந்தச் சங்கடம், இன்றைக்குச் சாதாரணக் குடும்பங்களுக்கும் வருகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்த பிறகும் வருகிறது.

வெள்ளிக் கை, வெள்ளிக் கால்

தர்காவில் ஐந்து மனாராக்கள். பெரிய மனாரா 131 அடி உயரம். அதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தர்காவின் குளத்துக்கு ஷிபா குண்டா என்று பெயர். ‘ஷிபா’ என்றால் குணம் என்று பொருள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அதில் குளிக்கிறார்கள். மொட்டை போட்டுக் கொள்கிறார்கள்.

வாசலில் உள்ள கடைகளில் சிறுசிறு வெள்ளித் தகடுகள் விற்பார்கள். ஒன்றில் கண் இருக்கும். ஒன்றில் கை, ஒன்றில் கால். ஒன்றில் வீடு, ஒன்றில் கப்பல். எது கெட்டிருக்கிறதோ அதை வாங்கிக் காணிக்கை செலுத்துவார்கள். டாக்டர் ரிப்போர்ட்டில் எழுதப்படாத நோயும் அந்தத் தகட்டில் எழுதப்பட்டிருக்கும்!

அந்தக் கைத் தகட்டையும் கால் தகட்டையும் வாங்குகிறவர்களில் சிலருக்கு வந்திருக்கக் கூடிய ஒரு வியாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வீட்டில் நடப்பது

ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். நாகூராகவும் இருக்கலாம், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமமாகவும் இருக்கலாம். கணவன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறான். வீட்டில் மாமியார், மருமகள், இரண்டு குழந்தைகள்.

ஒரு நாள் காலையில் மருமகள் படுக்கையிலிருந்து எழுந்திருக்கப் பார்க்கிறாள். வலது கால் வரவில்லை. வலது கை மரத்துப் போயிருக்கிறது. பேச்சும் குழறுகிறது. “ஐயையோ, பாரிச வாயு!” என்று மாமியார் அலறுகிறாள். அக்கம்பக்கத்தார் கூடிவிடுகிறார்கள். ஆம்புலன்ஸ் வருகிறது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறார்கள். ரத்தம் எடுக்கிறார்கள். இதயத்துக்கு ஈ.சி.ஜி. பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் டாக்டர் சிரித்த முகத்துடன் வருகிறார். “கவலைப்படாதீங்கம்மா. எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒண்ணுமே இல்லை.”

நல்ல செய்தி சொல்வதாகத்தான் டாக்டர் நினைக்கிறார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்குப் போய்ச் செய்கிற வேலை இருக்கிறதே!

“ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார். அப்புறம் ஏன் காலை இழுத்து இழுத்து நடக்குறே?” என்கிறாள் மாமியார். “வேலை செய்யப் பயந்து நடிக்குது” என்கிறார் யாரோ. “காத்து கருப்பு பட்டிருக்கும்” என்கிறார் வேறொருவர். அடுத்த வாரம் வேறு ஆஸ்பத்திரி. மறுபடி ஸ்கேன். மறுபடி “ஒண்ணும் இல்லை.” வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. சங்கிலி அதன் பின்னாலேயே போகிறது. கால் மட்டும் வரவில்லை.

இது கற்பனை வீடு. ஆனால் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்க்காத நரம்பு டாக்டர் உலகத்தில் எங்கும் கிடையாது.

எத்தனை பேர்?

லண்டன் மாநகரில் உள்ள கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஒரு கணக்கு எடுத்தார்கள். அது 2017இல் வெளியாயிற்று. பக்கவாதம் என்ற சந்தேகத்தின் பேரில் அங்கே பக்கவாதப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள் 1,165 பேர். அவர்களில் 98 பேருக்கு வந்தது பக்கவாதமே அல்ல. அவர்களுக்கு இருந்தது நாம் பேசிக் கொண்டிருக்கும் இந்தக் கோளாறுதான். நூற்றுக்கு எட்டு பேருக்கு மேல்!

ஸ்காட்லாந்தில் நரம்பு டாக்டர்களிடம் புதிதாக வந்த 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு 30 பேர் சொன்ன தொல்லைகளை, சோதனையில் தெரிந்த நோயைக் கொண்டு முழுமையாக விளக்க முடியவில்லை. ஆகவே நாகூரில் ஒரு பெண்ணுக்கு இப்படி வந்தால், உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் வந்த அதிசயம் அல்ல அது.

டாக்டர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘செயல்பாட்டு நரம்புக் கோளாறு’ என்று தமிழில் சொல்லலாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘எஃப்.என்.டி.’ என்று மூன்று எழுத்தில் எழுதுவார்கள்.

வாய்க்கால் உடையவில்லை, மதகு திறக்கவில்லை

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம்.

நாகூர்ப் பக்கம் கடைமடைப் பகுதி. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறாகப் பிரிந்து, வாய்க்காலாகப் பிரிந்து, கடைசியில்தான் இங்கே வர வேண்டும். ஒரு வருஷம் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். காரணம் இரண்டு விதமாக இருக்கலாம். வழியில் எங்கோ கரை உடைந்திருக்கலாம், அல்லது வாய்க்கால் தூர்ந்திருக்கலாம். இது ஒரு விதம். கரை நன்றாக இருக்கிறது, வாய்க்காலும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் மதகைத் திறக்கச் சொல்லும் உத்தரவு லஸ்கருக்குப் போய்ச் சேரவில்லை. இது இரண்டாவது விதம்.

பக்கவாதம் முதல் விதம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக் கொள்கிறது, அல்லது வெடித்து விடுகிறது. மூளையில் ஒரு பகுதி செத்துப் போகிறது. அதை ஸ்கேன் காட்டிக் கொடுக்கும்.

எஃப்.என்.டி. இரண்டாவது விதம். மூளை இருக்கிறது. நரம்பு இருக்கிறது. தசையும் இருக்கிறது. ‘நட’ என்று நினைக்கும்போது அந்த நினைப்பு கட்டளையாகி மதகைப் போய்ச் சேருவதில்தான் கோளாறு. சாதாரண ஸ்கேன் கரையைத்தான் படம் எடுக்கிறது. கரை சரியாகத்தான் இருக்கிறது. அதனால் “ஒன்றும் இல்லை” என்று வருகிறது.

மூளை வேலை செய்து கொண்டிருக்கும்போதே படம் எடுக்கும் தனிவித ஸ்கேன் ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சிக் கூடங்களில் அதைக் கொண்டு பார்த்தார்கள். அசைவைத் தொடங்கும் இடங்கள், உணர்ச்சி சம்பந்தப்பட்ட இடங்கள், ‘இதை நான்தான் செய்கிறேன்’ என்று உணரும் இடம் ஆகியவை இந்த நோயாளிகளிடம் வேறு மாதிரி வேலை செய்வதாகத் தெரிந்தது. வாசலில் உள்ள ஆஸ்பத்திரியில் அந்த ஸ்கேனை எடுத்து நோயைக் கண்டு சொல்ல முடியாது. ஆனால் இது நடிப்பு அல்ல என்பதற்கு அது ஒரு சாட்சி.

டாக்டரின் உள்ளங்கை

அப்படியானால் இந்த நோயை எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஸ்கேனில் எதுவும் இல்லை என்பதை வைத்து மட்டும் சொல்லி விடலாமா? கூடாது. இங்கேதான் ஒரு பழைய சோதனை கைகொடுக்கிறது. அதற்கு மெஷின் வேண்டாம். மின்சாரம் வேண்டாம். ஒரு கட்டிலும் டாக்டரின் உள்ளங்கையும் போதும்.

அமெரிக்க டாக்டர் சார்லஸ் ஹூவர் 1908இல் அதை எழுதி வெளியிட்டார். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். வலது கால் விழுந்து விட்டது. டாக்டர் அந்தக் காலின் குதிகாலுக்குக் கீழே கையை வைத்துக் கொண்டு, “என் கையைக் கீழே அழுத்துங்கள்” என்கிறார். நோயாளி முகம் சிவக்க முயல்கிறார். அழுத்தமே இல்லை.

பிறகு டாக்டர், “அந்தக் காலை விடுங்கள். நல்ல காலை மேலே தூக்குங்கள்” என்கிறார். இடது காலைத் தூக்கும்போது அதை மேலிருந்து லேசாகத் தடுக்கிறார். ஒருவர் ஒரு காலைப் பலமாகத் தூக்கினால், மறுகால் தன்னை அறியாமல் கீழே ஊன்றும். அது உடம்பின் இயல்பு. எஃப்.என்.டி. நோயாளியின் விழுந்த காலும் அப்போது கீழே ஊன்றுகிறது! டாக்டரின் உள்ளங்கையில் அந்த அழுத்தம் தெரிகிறது.

கேட்டபோது வராத பலம், கேட்காதபோது வருகிறது. பக்கவாதத்தில் பொதுவாக அப்படி வராது. உத்தரவு போகும் வழியில்தான் சிக்கல், வாய்க்காலில் இல்லை என்பதற்கு இது அடையாளம்.

சில டாக்டர்கள் இதை நோயாளிக்குத் தெரியாமல் செய்து பார்த்து விட்டுத் தமக்குள் சிரித்துக் கொள்வதுண்டு. திருடனைப் பிடித்து விட்டது போல! அது முறையல்ல. இப்போது நல்ல டாக்டர்கள் இதை நோயாளிக்கே காட்டுகிறார்கள். “பாருங்கள், உங்கள் காலில் பலம் இருக்கிறது. அதை எடுத்து உபயோகிக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அதைத் திறக்க முடியும்” என்று சொல்கிறார்கள். பல நோயாளிகளுக்கு அன்றுதான் முதன்முதலாக நம்பிக்கை பிறக்கிறது.

வீட்டில் கட்டிலில் படுக்க வைத்து நீங்களே இதைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்லி விடாதீர்கள். வலியாலும் வேறு காரணங்களாலும் இந்தச் சோதனை ஏமாற்றும். பழகிய கை வேண்டும்.

முதலில் ஓடுங்கள்!

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கட்டாயம் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். திடீரென்று வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால், பார்வை போனால், நடை தள்ளாடினால், அது பக்கவாதம் என்றே எடுத்துக் கொள்ள வேண்டும். உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். “இது அந்த நரம்புக் கோளாறாக இருக்கும், பொழுது விடியட்டும்” என்று உட்கார்ந்திருக்கும் விஷயம் அல்ல இது.

இன்னொன்று. பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரத்தில் சாதாரண சி.டி. ஸ்கேன் சரியாக இருப்பது போலவே காட்டுவது உண்டு. ஆகவே முதல் ஸ்கேன் நார்மல் என்பதால் பக்கவாதம் இல்லை என்று ஆகிவிடாது. சில பேருக்குக் கை கால் விழுந்து, அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அது பெரிய பக்கவாதம் வரப் போகிறது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். அவர்களும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பக்கவாதம் போலவே தோன்றும் வேறு நோய்களும் இருக்கின்றன. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் குறைந்தால் ஒரு பக்கம் விழுவது உண்டு. வலிப்பு வந்து நின்ற பிறகு சிறிது நேரம் கை வராமல் போவது உண்டு. ஒருவித ஒற்றைத் தலைவலியிலும் கை கால் மரத்துப் போகும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் கால்கள் துவண்டு விடும். இவற்றையெல்லாம் டாக்டர் பார்த்து ஒதுக்க வேண்டும். ஏற்கனவே எஃப்.என்.டி. என்று சொல்லப்பட்டவருக்குக் கூடப் புதிதாக ஏதாவது வந்தால் மறுபடி பார்க்கத்தான் வேண்டும். எஃப்.என்.டி. வந்தவருக்குப் பக்கவாதம் வராது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

‘ஹிஸ்டீரியா’ என்ற பட்டம்

இந்த நோய்க்கு ஒரு பழைய பெயர் உண்டு. அதைக் கேட்டால் பலருக்குச் சினிமாவில் தலைவிரி கோலமாகக் கத்தும் பெண்தான் ஞாபகத்துக்கு வருவாள். ஹிஸ்டீரியா! கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இது பெண்களுக்கே உரிய நோய், கருப்பையிலிருந்து வருவது என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள்.

பாரிஸ் நகரத்து டாக்டர் பிரிக்கே இந்த நோயாளிகள் 430 பேரைப் பார்த்து 1859இல் ஒரு புத்தகம் எழுதினார். கருப்பைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது மூளையைப் பற்றிய விஷயம் என்றார். ஆண்களுக்கும் வருவதைக் கண்டார்.

அவருக்குப் பின் அதே பாரிசில் சார்க்கோ என்ற பிரபல நரம்பு டாக்டர் இருந்தார். அவரிடம் வந்த ஒரு தொழிலாளியின் கதை விசித்திரமானது. 1885இல் அந்த ஆள் தெருவில் கைவண்டி தள்ளிக் கொண்டு போனான். வேகமாக வந்த குதிரை வண்டி ஒன்று மோதித் தள்ளியது. விழுந்தான். மயங்கினான். கண் விழித்தபோது இரண்டு கால்களும் வரவில்லை. வண்டிச் சக்கரம் தன் கால்கள் மேல் ஏறி இறங்கியதாக அவன் நிச்சயமாக நம்பினான். உண்மையில் சக்கரம் அவன் மேல் ஏறவே இல்லை. நம்பியது மனம், விழுந்தது கால்! அவன் பொய் சொல்கிறான் என்று சார்க்கோ சொல்லவில்லை. உடம்புக்கும் நினைப்புக்கும் நடுவே நமக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது என்றார்.

வியன்னாவில் பெர்த்தா பப்பன்ஹைம் என்ற இளம் பெண்ணுக்கு 1880இல் தொடங்கியது. படுக்கையில் கிடந்த தகப்பனாருக்குப் பக்கத்தில் இருந்து இரவு பகலாகப் பணிவிடை செய்தாள். வலது கை விழுந்து விட்டது. தாய்மொழியான ஜெர்மன் மொழியில் பேச முடியாமல் போனது. பல ஆண்டுகள் அவதிப்பட்டாள். டாக்டர்கள் அவளைப் பற்றி வேறு பெயரில் புத்தகம் எழுதிப் புகழ் பெற்றார்கள். ஆனால் அவள் கதை அத்தோடு முடியவில்லை. தேறி எழுந்து அநாதைப் பெண்களுக்காக உழைத்தார். 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கித் தலைமை தாங்கினார். ஜெர்மன் அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டிருக்கிறது.

போர்க்களத்தில்

இது பெண்களின் பாசாங்கு என்று பேசிக் கொண்டிருந்தவர்களின் வாயை முதல் உலகப் போர் அடைத்தது. குண்டு வெடிக்கும் பதுங்கு குழிகளிலிருந்து சிப்பாய்கள் வந்து சேர்ந்தார்கள். உடம்பில் காயம் இல்லை. ஆனால் சிலருக்குக் கால் வரவில்லை. சிலருக்குப் பேச்சு வரவில்லை. சிலருக்குக் கண் தெரியவில்லை. 1915இல் டாக்டர் மையர்ஸ் இதை ‘குண்டு அதிர்ச்சி’ என்ற பெயரில் எழுதினார். எல்லாரும் ஆண்கள். திடகாத்திரமானவர்கள்.

அவர்களுக்குச் செய்யப்பட்ட சிகிச்சை சில இடங்களில் கொடுமையாக இருந்தது. லண்டனில் யெல்லண்ட் என்ற டாக்டர் பேச்சு வராத சிப்பாயை அறையில் அடைத்து, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். பேசும் வரை விடவில்லை. பேச வைத்தேன் என்று 1918இல் புத்தகமும் எழுதினார். நம் ஊரில் வேப்பிலையால் அடிப்பதைக் கேலி செய்கிறவர்கள் இதையும் தெரிந்து கொள்ள வேண்டும்.

டாக்டர்கள் தவறு செய்வார்களா?

செய்வார்கள். 1965இல் எலியட் ஸ்லேட்டர் என்ற ஆங்கில டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஹிஸ்டீரியா என்று சொல்லி அனுப்பப்பட்ட பலரை அவர் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார். அவர்களில் நிறையப் பேருக்கு உள்ளே வேறு நோய் இருந்தது பிற்பாடு வெளிப்பட்டது. தெரியாததை மறைக்க டாக்டர்கள் போட்டுக் கொண்ட முகமூடிதான் அந்தப் பெயர் என்று அவர் கடிந்து கொண்டார்.

அதற்குப் பிறகு காலம் மாறியது. 2005இல் வந்த ஓர் ஆராய்ச்சி, அதுவரை வெளியான கணக்குகளையெல்லாம் கூட்டிப் பார்த்தது. 1950களில் நூற்றுக்கு 29 பேருக்கு நோய் தவறாகச் சொல்லப்பட்டிருந்தது. 1970களுக்குப் பிறகு அது நூற்றுக்கு 4 ஆகக் குறைந்து விட்டது. மற்ற நரம்பு நோய்களிலும் ஏறக்குறைய இவ்வளவு தவறு நேர்கிறது. சரியாகப் பார்த்து, ஹூவர் சோதனை போன்ற அடையாளங்களைக் கண்டு சொன்னால் இந்த முடிவை நம்பலாம். “எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆகவே இதுதான்” என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

கவலையால் வருவதா?

“மனசுல என்ன கவலை? சொல்லு, சொல்லு” என்று நோயாளியைத் துளைத்து எடுப்பவர்கள் உண்டு. கவலையும் பயமும் பழைய கொடுமைகளும் இந்த நோய்க்கு வழி வகுக்கலாம் என்பது உண்மை. ஆனால் எல்லாருக்கும் அப்படி அல்ல. வழுக்கி விழுந்து காலில் அடிபட்ட பின் சிலருக்கு வருகிறது. ஒற்றைத் தலைவலிக்குப் பின் வருகிறது. காய்ச்சலுக்குப் பின் வருகிறது. உண்மையான பக்கவாதம் வந்து தேறியவருக்கே மறுபடி இது வருவதும் உண்டு. இந்த நோயைச் சொல்ல மனக்கவலை இருந்தே ஆக வேண்டும் என்ற விதியை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் தங்கள் நூலிலிருந்து நீக்கி விட்டார்கள். கவலை இல்லாத பெண்ணிடம் கவலையைத் தேடித் தேடிக் கடைசியில் ஒரு கவலையை உண்டாக்கி விடுவதில் யாருக்கு லாபம்?

பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆண்களுக்கும் வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வருகிறது. வயது வரம்பு இல்லை.

பின்னால் நடந்தால் கால் வருகிறது!

சிகிச்சை என்ன? முதல் மருந்து விளக்கம். நோய்க்குப் பெயர் இருக்கிறது, அது நிஜம், குணமாக வழி இருக்கிறது என்று டாக்டர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷம் போதாது. கூட்டம் நெரியும் ஆஸ்பத்திரியில் அந்த நேரம் கிடைப்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது பிசியோதெரபி. ஆனால் பக்கவாதத்துக்குச் செய்யும் பயிற்சி போல அல்ல. இங்கே தந்திரம் வேறு. “வலது காலைத் தூக்கு, வலது காலைத் தூக்கு” என்று சொல்லச் சொல்லக் கால் இன்னும் கனக்கும். கவனம் காலின் மேல் இருக்கும்போது மதகு மூடிக் கொள்கிறது. கவனம் வேறு பக்கம் போனால் திறக்கிறது. ஆகவே தாளத்துக்கு நடக்கச் சொல்கிறார்கள். பின்பக்கமாக நடக்கச் சொல்கிறார்கள். பந்தை எறிந்து பிடிக்கச் சொல்கிறார்கள். முன்னால் நடக்க முடியாதவர் பின்னால் நடந்து விடுவார்! பார்க்கிறவர்களுக்கு இது நடிப்பு என்ற சந்தேகத்தைக் கிளப்பும். உண்மையில் இதுவே நோயின் அடையாளம், இதுவே குணமாகும் வழி.

பிரிட்டனில் 60 நோயாளிகளுக்கு இந்த முறையைச் செய்து பார்த்து 2017இல் எழுதினார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, ஐந்து நாள் தனிப் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 72 பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 18 பேர். பிறகு 355 பேரை வைத்துப் பெரிதாகச் செய்த சோதனையின் முடிவு 2024இல் வந்தது. அதில் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முக்கியமாக எடுத்துக் கொண்ட அளவுகோலில் இரு தரப்பும் சமமாக நின்றன. ஆனால் தனிப் பயிற்சி பெற்றவர்களில் அதிகம் பேர், தங்கள் கை கால் முன்பை விடத் தேவலை என்று தாங்களே சொன்னார்கள். ஆகவே இது மந்திரம் அல்ல. உழைப்பு.

தூக்கமின்மை, மனச்சோர்வு, திடீர்ப் பயம் ஆகியவை கூட இருந்தால் அவற்றுக்கும் மருந்தும் ஆலோசனையும் வேண்டும். மனநல டாக்டரிடம் அனுப்பினால் “என்னைப் பைத்தியம் என்கிறார்கள்” என்று நினைக்கக் கூடாது. வயிற்று வலிக்காரருக்குச் சாப்பாட்டை மாற்றச் சொல்வது போலத்தான் அது.

எல்லாரும் குணமாகி விடுவார்கள் என்று எழுதினால் பொய்யாகும். பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், சில ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பேர் அப்படியே இருந்தார்கள், அல்லது முன்பை விட மோசமாக இருந்தார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணம் அதிகம். பெயர் தெரியாமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த வருஷங்கள்தான் காலை இறுக்கிக் கட்டுகின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கு

“நடிக்கிறாள்” என்ற சொல்லை வீட்டை விட்டு வெளியே தள்ளுங்கள். அதற்காக நோயாளியைக் கட்டிலிலேயே வைத்துச் சோறு ஊட்டவும் வேண்டாம். அதுவும் கெடுதல். அவரால் முடிந்த வேலையை அவரே செய்யட்டும். உட்கார்ந்து கொண்டு கறிகாய் நறுக்க முடியுமா? நறுக்கட்டும். காலையில் நன்றாக நடந்தவர் மாலையில் நடக்க முடியாமல் போனால் “காலையிலே நடந்தியே!” என்று குத்திக் காட்டாதீர்கள். ஏறி இறங்குவது இந்த நோயின் குணம். பேசிக் கொண்டே, பாட்டுக் கேட்டுக் கொண்டே நடக்கும்போது நடை நன்றாக வந்தால், அதைக் கண்டுபிடித்து விட்டதாகக் கூவாமல், அப்படியே இன்னும் பத்து அடி நடக்க விடுங்கள்.

நாற்று நடப் போகிற பெண்ணுக்கு இது வந்தால் குடும்பத்தின் கூலியே நின்று விடும். அவளுக்கு “ஒன்றும் இல்லை” என்ற ரிப்போர்ட்டைக் காட்டி வேலைக்கு வரச் சொல்கிறவர்கள், ஒரு நாள் முழங்கால் சேற்றில் அந்தக் காலை ஊன்றிப் பார்க்கட்டும்.

தர்காவுக்குப் போகலாமா?

போகலாம். யார் தடுப்பது? வியாழக்கிழமை இரவு தர்காவில் உட்கார்ந்திருப்பதில் சிலருக்கு மனம் அமைதி அடைகிறது. அங்கே யாரும் அவர்களைப் பார்த்து “உனக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்வதில்லை. அந்த ஒரு காரணமே போதுமானது என்று எனக்குத் தோன்றுகிறது. கோவிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் இதே வார்த்தை பொருந்தும்.

ஆனால் மருந்தை நிறுத்தி விட்டுப் போகக் கூடாது. கட்டுவது, அடிப்பது, சூடு போடுவது ஆகியவற்றுக்கு உடம்பைக் கொடுக்கக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் நடந்ததை மறக்க முடியுமா? தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். அதற்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. குஜராத்தில் மீரா தாதர் தர்காவில் 2008இல் ஒரு புது ஏற்பாடு வந்தது. தர்காவுக்குள்ளேயே டாக்டர் உட்கார்ந்தார். பிரார்த்தனை செய்து வைப்பவர்களே நோயாளியை டாக்டரிடம் அனுப்பினார்கள். ஏர்வாடியிலும் பின்னால் அதே முறை வந்தது. மருந்தும் துவாவும் ஒரே கூரையின் கீழ்.

எங்கே போவது?

நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இலிருந்து இருக்கிறது. அங்கே நரம்பியல் பிரிவு உண்டு. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் காசில்லாமல் பேசலாம்.

டாக்டரிடம் இரண்டு கேள்விகளைத் தைரியமாகக் கேளுங்கள். “இது எஃப்.என்.டி.யாக இருக்குமா?” என்பது ஒன்று. “எந்த அடையாளத்தைக் கண்டு சொல்கிறீர்கள்? எங்களுக்கும் காட்டுவீர்களா?” என்பது மற்றொன்று. எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அன்று காலையில் என்ன நடந்தது என்பதை ஒரு காகிதத்தில் குறித்துக் கொள்ளுங்கள். கை கால் இழுக்கும்போது செல்போனில் ஒரு நிமிஷம் படம் பிடித்துக் கொண்டு போனால் டாக்டருக்கு அது பெரிய உதவி. பழைய ஸ்கேன் படங்களையும் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதே படத்தை மறுபடி எடுக்கும் செலவு மிச்சமாகும்.